ஏர்போர்ட் வாசலில் பாதியில் நின்ற உன் கைகள்

கண்ணு,

நீ அயர்லாந்து போய் இன்றோடு ஐந்து வாரம். அங்கே குளிர் எப்படி, இனியா புதுப் பள்ளிக்கூடத்தில் அழுகிறாளா என்பதையெல்லாம் கவிதா போனில் சொல்லிவிடுகிறாள். நீயும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, கை வலிக்குதா என்று மூன்று கேள்வி. நானும் மூன்று பதில் சொல்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறோம். அப்படிச் சும்மா இருக்கிற நேரத்தில் நான் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் கீழே வைத்தாலும் மறுபடி எடுப்பாய்.

அன்றைக்கு ஏர்போர்ட் வாசலில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. டிக்கெட் இல்லாதவர்கள் இதற்குமேல் வரக்கூடாது என்று காவலுக்கு நின்றவர் சொல்லிவிட்டார். நீ பெட்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாய். உன் மாமனாரைக் கட்டிக்கொண்டாய். கூடப் படித்த பையன்கள் மூன்று பேரையும் முதுகில் தட்டித் தட்டிக் கட்டிக்கொண்டாய். சரோஜா சித்தி தானாகவே வந்து உன் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள், அவளையும் சிரித்துக்கொண்டே அணைத்துக்கொண்டாய். கடைசியாக என்னிடம் வந்தாய். குனிந்து காலைத் தொட்டாய். நிமிர்ந்தாய். உன் இரண்டு கைகளும் பாதி தூரம் வந்தன. அங்கேயே நின்றுவிட்டன. அப்புறம், சரியாகவே இருந்த என் முந்தானையைச் சரிசெய்வது போலத் தோளில் தொட்டுவிட்டு, "பாத்து இரும்மா, வெயிட்டு ஒண்ணும் தூக்கிப்போடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வரும் வழியில் சித்தி கேட்டாள், "ஏக்கா, பையன் போறான்னா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" ஆமாம் என்றேன். பொய். நீ போனதற்கு நான் முன்பே அழுது முடித்திருந்தேன். வராமல் நின்றுபோன அந்தப் பாதி தூரத்துக்குத்தான் என் முகம் அப்படி இருந்தது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. அதற்கு முன்னால், நீ ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டாயே ஒரு கேள்வி, "இந்த வயசுல யாருக்காகம்மா இதெல்லாம்" என்று, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தப்பு. இடது மார்பில் கட்டி என்று தெரிந்து, அதை முழுக்க எடுத்தாக வேண்டும் என்று சொன்ன அன்று, டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வயிற்றுச் சதையை எடுத்து அந்த இடத்தில் வைத்து மறுபடியும் மார்பு மாதிரியே அமைக்கலாம், இப்போதும் செய்யலாம், சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகும் செய்யலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "அதெல்லாம் எதுக்குங்க டாக்டர், அம்மாவுக்கு அம்பத்தஞ்சு ஆச்சு. உசுரு பொழச்சாப் போதும்." அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், "நீங்க என்னங்கம்மா சொல்றீங்க?" என் உடம்பைப் பற்றி ஒருவர் என்னிடமே கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் என்ன சொன்னேன்? "பையன் சொல்றதுதானுங்க." நீ அன்றைக்குப் பயந்து போயிருந்தாய். அப்பாவை ஏற்கெனவே கொடுத்துவிட்டு நிற்கிற பையன், அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயத்தில் பேசினாய். அது எனக்குத் தெரியும். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்லாதது நான்தான்.

உயிர் பிழைத்தேன். மருந்து ஏற்றியதில் கொட்டின முடியும் முளைத்தது. கணபதியில் இருக்கிற நம் வீட்டில் மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தேன். முப்பது வருசமாக ரவிக்கை தைக்கிறவள் நான், எத்தனை பெண்களுக்கு அளவு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் அரை இஞ்சு கூட இருக்கும், ஒரு தோள் இறங்கியிருக்கும். வந்தவர்களிடம் சொல்ல மாட்டேன். பிடித்துத் தைக்கிற இடத்தில் நூல் அளவு கூட்டிக் குறைத்துக் கண்ணுக்குச் சரியாக்கிக் கொடுத்துவிடுவேன். "அக்கா தெச்சா மட்டும் எனக்கு உக்காருதுங்க" என்பார்கள். அந்த வித்தையெல்லாம் தெரிந்த எனக்கு, எனக்கே ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ளத் தெரியவில்லை கண்ணு. ஒரு பக்கம் துணியைக் குவித்துத் தைக்கிறேன், மறுபக்கம் பலகை மாதிரி வெட்டுகிறேன். வெட்டும்போது கத்திரி ஓடவே ஓடாது.

கடையில் வாங்குகிற பஞ்சு வைத்த உள்பாடியை வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு எடை இல்லை. கையைத் தூக்கித் துணி காயப்போட்டால் அது கழுத்துக்கு ஏறிவிடும். எடையில்லாத பக்கம் தோளும் மேலே போனது, முதுகு வலித்தது. தையல்காரி மூளை சும்மா இருக்குமா? வழுவழுப்பான லைனிங் துணியில் ஒரு பை தைத்து, அதில் கால் கிலோ கம்பைப் போட்டு, வாயை மூடித் தைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். எடை சரியாக இருந்தது. ஒரு வருசத்துக்குமேல் அந்தக் கம்பு மூட்டையோடுதான் திரிந்தேன். மழைக்காலத்தில் வேர்வை பட்டு வாசம் வந்தால் புதுக் கம்பு மாற்றுவேன். இதை நீ படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். நானே சிரித்திருக்கிறேன்.

கொடுமுடியில் சித்தி மகன் கல்யாணத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மாமன் சீர்த் தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தோம். தேங்காய்த் தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக் குனிந்தேன். பட்டென்று ஒரு சின்னச் சத்தம். முப்பது வருசத்தில் என் தையல் பிரிந்ததாக ஒருவர் வந்து சொன்னதில்லை. அன்றைக்குப் பிரிந்தது. பச்சை நிறத்தில் பொலபொலவென்று கம்பு, மண்டபத்துத் தரையெல்லாம். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஏனுங்க்கா, முந்தானைல கம்பு கட்டிட்டு வந்தீங்களா, கோழிக்குப் போடறதுக்கு?" என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு விஷயம் தெரியாது பாவம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் நின்றேன். நீதான் எங்கிருந்தோ வந்தாய். என் கையிலிருந்த தட்டை வாங்கிச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, உன் சட்டைமேல் போட்டிருந்த துண்டை எடுத்து என் தோளைச் சுற்றிப் போட்டு, எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டு என்னை மணமகள் அறை வரைக்கும் நடத்திக்கொண்டு போனாய். கதவருகில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாய். அன்றிலிருந்து இன்றுவரை நீயும் அதைப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு முடிவு வந்தது. இன்னொரு பை தைக்கக் கூடாது, டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னதைச் செய்துகொள்ள வேண்டும் என்று.

யாருக்காக என்று நீ மட்டும் கேட்கவில்லை. வெளிப்படையாகக் கேட்டவர்களும் உண்டு. வழக்கமாகத் துணி கொடுக்கிற ஓர் அம்மாவிடம், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ரெண்டு மாசத்துக்குத் துணி எடுக்க மாட்டேன் என்று விஷயத்தைச் சொன்னேன். "அம்மணி, உங்கூட்டுக்காரர் போயே பத்து வருசம் ஆச்சு, இனிமே யாருக்குக் காட்டறதுக்கு?" என்றார். "உங்க ரவிக்கைய நல்லா தெச்சுத் தாரேனே, அதுமாதிரி என்னுதையும் நல்லாத் தெச்சுக்கறதுக்குங்க" என்றேன். வாய்க்கு வந்த பதில் அது. உனக்கு நிஜமான பதிலைச் சொல்கிறேன். மூன்று வருசமாகக் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு அதுதான். பால்காரர் கூப்பிட்டால் துண்டு எங்கே என்று தேடுவேன். கேஸ் கொண்டுவருகிறவர் வந்தால் துண்டு. குளிக்கப் போனால் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். வீட்டில் நான் ஒருத்திதான், என்னிடமிருந்தே மறைத்தேன். ஒரு நாளாவது எழுந்ததும் காப்பி போடுகிற நினைப்பு முதலில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் கண்ணு. அழகுக்காக இல்லை. கொஞ்சம் அழகுக்காகவும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உன்னிடம் சொல்லாமல் போனது என் இரண்டாவது தப்பு. சொன்னால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் நான் மறுபடியும் "பையன் சொல்றதுதானுங்க" என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு என்மேலேயே பயம். அதனால் சித்தியும் நானும் பத்து நாள் கோயில் சுற்றுலா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கொடுமுடி, பழனி, ஆனைமலை மாசாணியம்மன் என்று பட்டியல் வேறு போட்டாள் சித்தி. ஆஸ்பத்திரியில் நாலு பக்கம் படிவம் கொடுத்தார்கள். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு அன்றைக்கு முழுசாக வேலைக்கு வந்தது. அதில் இருந்த தமிழை வரிவரியாக நானே படித்து, விளங்காததைக் கேட்டு, நானே கையெழுத்துப் போட்டேன். காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் மட்டும் சித்தி.

எட்டு மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது வயிறு பற்றி எரிந்தது. மார்பில் வலியே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணிக்கு ஒரு தடவை நர்ஸ் பிள்ளை வந்து புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள், நிறம் பார்ப்பாள், "நல்லா இருக்குங்கம்மா, உசுரோட இருக்கு" என்பாள். புதுச் செடி வேர் பிடித்ததா என்று பார்க்கிற மாதிரி இருக்கும். உடம்பில் நாலு இடத்திலிருந்து குழாய் தொங்கும், உள்ளே கசிகிற நீர் இறங்க முனையில் பாட்டில். நாலாம் நாள் நீ போன் பண்ணினாய். சித்தி எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மருந்துக் கடையில் மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். "சித்தி, பழனி மலைல எதுக்கு டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க?" என்று கேட்டாயாம். அவள் சளைக்காமல் "பஞ்சாமிர்தத்துக்குடா சாமி, கூட்டம் அள்ளுது" என்றாள். நான் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரிக்க முடியாமல் அழுதேன். அந்த மைக் குரல் எந்த ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியாதா, ஒரு மணி நேரத்தில் நீ கதவருகில் நின்றாய். சித்தியைப் பார்த்துக் கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். என்னைப் பார்த்து, "இந்த வயசுல யாருக்காகம்மா இதெல்லாம்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய். ஆனால் மறுநாள் காலையில் இட்லியோடு வந்தாய். தினமும் வந்தாய். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பாய். தலைமாட்டுப் பக்கம் ஒருநாளும் வரவில்லை.

அப்புறம் சரவணம்பட்டியில் உங்கள் வீட்டில் இருந்த இரண்டு மாசம். கவிதா செய்ததைப் பெற்ற மகள் செய்வாளா என்று தெரியாது. முதுகை நிமிர்த்தக் கூடாது, வயிற்றுத் தையல் இழுக்கும். கூன் விழுந்த கிழவி மாதிரி ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடப்பேன். பாட்டிலில் எத்தனை மில்லி என்று பார்த்து அவள்தான் நோட்டில் எழுதுவாள், கொட்டிக் கழுவுவாள். ஒரு சுளிப்பு இல்லை முகத்தில். டாக்டரம்மா தண்ணீர்ச் சொம்புக்குமேல் எதையும் தூக்கக் கூடாது என்றிருந்தார். எனக்குத் தூக்க வேண்டும் போல இருந்ததெல்லாம் இனியாவைத்தான். ஐந்து வயசு, இருபது கிலோ இருப்பாள். ஸ்கூலிலிருந்து "அப்பத்தா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். முதல் நாள் அப்படி ஓடி வந்தபோது நான் பயத்தில் இரண்டு கையையும் நீட்டித் தடுத்துவிட்டேன். பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. அவள் கெட்டிக்காரி. அவளைப் போல ஒரு பேத்தி நம் பக்கத்து ஊரிலேயே இல்லை என்று நான் சொன்னால் நீ கிண்டல் பண்ணுவாய், ஆனால் உண்மை அதுதான். அப்புறம் அவள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பத்தா, எங்க சாஞ்சா உனக்கு உவ்வா இல்ல?" என்று கேட்டாள். வலது தோளைக் காட்டினேன். அங்கேயே சாய்ந்துகொண்டாள். கேட்கத் தெரிந்திருந்தது அவளுக்கு.

இடையில் ஒரு கூத்துப் பண்ணினேனே, அதையும் எழுதியாக வேண்டும். இப்போது எனக்குத் தெரிகிறது, அந்தப் பாதி தூரம் அங்கேதான் ஆரம்பித்தது. தோள்பட்டை வலிக்கிறது என்று ஒருநாள் மதியம் வெந்நீர்ப் பையை எடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டு டிவி பார்த்தேன். பை நழுவி மார்பின்மேல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது, சூடு குளிர் தெரியாது, ஜாக்கிரதை என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை. நீ ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தாய், பையை எடுத்தாய், ரவிக்கைக்குமேலே தெரிந்த கொப்பளத்தைப் பார்த்தாய். எனக்கு முன்னால் நீ பார்த்தாய். கவிதாவிடம் "பாத்துக்க மாட்டியா" என்று அவ்வளவு பெரிய சத்தம் போட்டாய். அவள் பாவம், சமையலறையில் எனக்குத்தான் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. நான் அதோடு மறந்தும்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குப் போவேன் அல்லவா, நீ காரில் இறக்கிவிட்டுப் போவாய். உள்ளே என்ன நடக்கிறது என்று நீ கேட்டதில்லை. சுவரில் இஞ்சு இஞ்சாகக் கோடு போட்டிருப்பார்கள். விரலைச் சிலந்தி மாதிரி நடத்தி மேலே ஏற்ற வேண்டும். நாங்கள் பத்துப் பேர் வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்போம். ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "யம்மா, ஆயுசுல நான் எத்தன புள்ளைங்கள செவுத்தப் பாத்து நிக்க வெச்சிருப்பேன், அதுக்குத்தான் ஆண்டவர் இப்ப என்னைய நிக்க வெச்சிருக்காரு" என்பார். ஹாலே சிரிக்கும். அவருக்கு வைத்தது ஒட்டவில்லை. சீழ் பிடித்து, மறுபடி திறந்து எடுத்துவிட்டார்கள். இனி வேண்டாம் என்று அப்படியே இருக்கிறார். "வருத்தமாங்க டீச்சர்?" என்று கேட்டேன். "ஆறு மாசம் அழுதேன். இப்ப பிளெயின் ஜாக்கெட்டு போட்டுட்டு நிம்மதியாப் பூசைக்குப் போறேன். உனக்கு நீ பண்ணது சரி, எனக்கு நான் விட்டது சரி" என்றார். கோட்டைமேட்டிலிருந்து ரஹ்மத் வருவாள், நாற்பதுகூட ஆகவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது. ஒருநாள் மெதுவாக என்னிடம் சொன்னாள், "எல்லாரும் நல்லா வந்திருக்குன்னு சொல்றாங்கக்கா. எனக்குத்தான் யாரோ ஊட்டுச் சாமானத் தூக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கு. எம் புள்ள மடியில ஏறி நெஞ்சுல படுத்தா, படுத்திருக்கான்னு கண்ணால பாத்துத்தான் தெரியுது." அதைக் கேட்டதும் நான் பயிற்சியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குள் இருந்ததை அவள் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

ஏனென்றால் இனியாவும் ஒருநாள் தெரியாமல் அந்தப் பக்கம் தூங்கிவிட்டாள். கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்து, எச்சில் ஒழுக. அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது, அது தெரிகிறது. அவள் கன்னம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒன்றும் இல்லை. கனம் மட்டும் எங்கேயோ உள்ளே, பக்கத்து வீட்டில் கதவு சாத்துகிற மாதிரி. அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட இடத்தில் என் பேத்தி தூங்குகிறாள், அது எனக்குத் தெரியவில்லை. போனது திரும்ப வரும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. வரவில்லை. இது வேறு. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: நீ பால் குடித்த இடம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் கண்ணாடியைத் திருப்பி வைப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தின அன்று ஒன்று பார்த்தேன். நீ வயிற்றில் இருந்தபோது தோல் விரிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது, மழை வழிந்த சுவர் மாதிரி. முப்பத்துநாலு வருசமாக அது என் வயிற்றில் இருந்தது. வயிற்றுத் தோலை எடுத்துத்தானே மேலே வைத்தார்கள்? அந்தக் கோடுகளும் கூடவே வந்துவிட்டன. இப்போது அவை நெஞ்சின்மேல் இருக்கின்றன. டாக்டரம்மாவிடம் காட்டினேன். "வேணும்னா பின்னால லேசாப் பண்ணிக்கலாங்கம்மா, இன்னும் ஒரு சின்ன வேலையும் பாக்கி இருக்கு" என்றார். போதுமுங்க, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

மூன்றாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் பெரிசு. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து, கப்பைத் தூக்கிக்கொண்டு மைதானத்திலிருந்து ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். வேர்வையும் மண்ணுமாக இருந்தாய். சுற்றிலும் உறவுக்காரர்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "எருமையாட்டம் வளந்துபோட்ட, இன்னும் என்னடா ஒட்டிக்கிட்டு" என்று தள்ளிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. நான் கவனிக்கவே இல்லை, கண்ணு. பையன் வளர்ந்துவிட்டான், பொறுப்பாக இருக்கிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருசத்துக்குமேல் தேவைப்படவில்லை, அதனால் தெரியவில்லை. என் உடம்பில் ஒரு பாகம் போன பிறகுதான் எனக்கு யாராவது கட்டிக்கொண்டால் தேவலை என்று தோன்றியது. அப்போது கேட்க வாய் வரவில்லை.

போன வாரம் கவிதாவிடம் கேட்டேவிட்டேன். "ஏங்கண்ணு, அவனுக்கு எம்மேல இன்னும் கோவமா?" என்று. அவள் சொன்னாள், "கோவமெல்லாம் இல்லீங்கத்தை. ஏர்போர்ட்டுல உள்ள போயி உக்காந்ததும் அழுதுட்டாருங்க. 'சூடு பட்டப்பவே அம்மாவுக்குத் தெரியல, நான் இறுக்கிப் புடிச்சு உள்ள எதாச்சும் ஆயிட்டா அதுக்கும் தெரியாது, நான் எப்படிடி தொடறது'ன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. சொல்லிப்போட்டேன்." அவளைத் திட்டாதே. நான் கேட்டதால் சொன்னாள். போனை வைத்துவிட்டு மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அத்தனை நாளும் என்னைப் பார்க்க உனக்கு ஒரு மாதிரி இருக்கிறது போல என்று நினைத்தேனே. கால்மாட்டில் நீ உட்கார்ந்திருந்ததை அருவருப்பு என்று எண்ணினேனே. உனக்குப் பயம். என்னை உடைத்துவிடுவாயோ என்று பயம். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்த என்னை நீ மன்னிக்க வேண்டும்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. பரிசோதனை எல்லாம் முடிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. "வேற எதாச்சும் கேக்கணுமாங்கம்மா?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒன்றுமில்லீங்க என்றுதான் சொல்வேன். நேற்றுக் கேட்டேன். "ஏனுங்க டாக்டரம்மா, எம் பையன் என்னையக் கட்டிப் புடிச்சான்னா எதாச்சும் ஆகுங்களா?" அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மேசையைச் சுற்றி வந்து, என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நல்லா இறுக்கித்தான். "பாருங்க, ஒண்ணும் ஆகலை. இதைவிடப் பலமாவே புடிக்கச் சொல்லுங்க. நானே தெச்ச தையலு, பிரியாதுங்கம்மா" என்றார்.

ஜெசிந்தா டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். இந்தக் கடிதத்தையும் பெயர் இல்லாமல் போடட்டுமா என்று கேட்டார், இதைப் படிக்க வேண்டிய பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். சரி என்றேன். உன்னைக் கேட்காமல் நான் செய்கிற இன்னொரு காரியம் இது. கோபித்துக்கொண்டால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

மார்கழியில் லீவு கிடைத்தால் வருகிறேன் என்றாய். வா. இனியாவுக்குக் கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டு விமானத்தில் ஏற்று. வெளியே வந்ததும் பெட்டியை ஓரமாக விட்டுவிட்டு முதலில் என்னிடம் வா. காலைத் தொட வேண்டாம், இந்த முறை அது வேண்டாம். எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. இரண்டு கையும் போட்டுப் பிடி. ஒரு பக்கம் எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் சூடாக இருக்கிறதா என்று உன் கைக்குத் தெரியும், நீ எனக்குச் சொல்.

அம்மா